பதினொன்றாவது கடமை: கரிசல் காட்டுத் தீப்பெட்டியிலிருந்து ஒரு ஒரு மார்க் கேள்வி வரை

நீங்க டிஎன்பிஎஸ்சிக்குப் படிச்சவங்களா இருந்தா இந்தக் கேள்வியைக் கண்டிப்பா பார்த்திருப்பீங்க. இந்திய அரசியலமைப்பில் அடிப்படைக் கடமைகள் எத்தனை? விடை 11. அடுத்த கேள்வி, பதினொன்றாவது கடமை எந்தத் திருத்தத்தில் சேர்ந்தது? விடை 86-ஆவது திருத்தம், 2002. வட்டத்தைக் கறுப்பாக்கிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுவோம்.

இன்னைக்கு எபிசோட் முழுக்க அந்த ஒரு மார்க்கைப் பத்தித்தான். முதல் பத்து கடமைகளும் 1976-ல் ஒரே மூச்சில் வந்தவை. பதினொன்றாவது மட்டும் 26 வருஷம் கழிச்சு வருது. அது என்ன சொல்லுது? ஆறு வயதிலிருந்து பதினாலு வயது வரைக்கும் உள்ள பிள்ளைக்குக் கல்வி வாய்ப்பு கொடுக்க வேண்டியது பெற்றோரின், அல்லது காப்பாளரின் கடமை. அவ்வளவுதான். கேட்கிறதுக்கு ரொம்ப நியாயமான வரி. ஆனா இந்த வரியை யாருடைய வீட்டு வாசலில் நின்று வாசிக்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் அர்த்தமே மாறிடும். நான் அதை வாசிக்கப் போற இடம் கோவில்பட்டி.

கரிசலும் தீப்பெட்டியும்

முதல்ல நிலம். மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கு ரயில்ல போனா, சாத்தூர் தாண்டினதும் மண்ணு கறுப்பாயிடும். கரிசல். மழை பெஞ்சா செருப்பைக் கழற்றிக் கையில் எடுக்க வைக்கும். வெயிலடிச்சா கால் நுழையுற அளவுக்கு வெடிக்கும். பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, பாசிப்பயறு, மிளகாய் என்று எல்லாமே மானாவாரி. ஆத்துத் தண்ணி கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி விதைக்கணும். மழை தவறினா அந்த வருஷம் தவறின மாதிரிதான். இங்கே விவசாயிக்கு 'சம்சாரி' என்று பேர். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த இடைசெவல் கோவில்பட்டிக்குப் பக்கத்து ஊர். அவங்க எழுத்தைப் படிச்சவங்களுக்கு இந்த மண்ணைப் பத்தி நான் புதுசா சொல்ல வேண்டியதில்லை.

இந்த வறட்சிதான் ஒரு தொழிலுக்கு வசதியாப் போச்சு. 1922-ல் சிவகாசியைச் சேர்ந்த ப. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கத்துக்கிட்டு வந்தாங்க. 1923-ல் சிவகாசியில் தொழில் தொடங்குச்சு. அங்கேருந்து சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் என்று பரவுச்சு. குச்சி காயணும், பெட்டி காயணும், மருந்து காயணும். காய வைக்கிறதுக்கு இந்த வெயிலை விட நல்ல அடுப்பு கிடையாது. கூலிக்கும் ஆள் இருந்தாங்க. மழை பொய்த்த வருஷங்கள் ஆளை அனுப்பிக்கிட்டே இருந்தன.

அதே காலகட்டத்தில் விம்கோ என்ற பெரிய கம்பெனி ஸ்வீடன் முதலீட்டோடு இயந்திரத்தில் தீப்பெட்டி செய்ய ஆரம்பிச்சது. கையால் செய்யுற சின்ன ஆலைகள் அதோட போட்டி போடணும்னா ரெண்டே வழிதான். ஒண்ணு, சின்ன ஆலைக்கு அரசாங்கம் கொடுத்த கலால் வரிச் சலுகை. இன்னொண்ணு, மலிவான கை. அந்த மலிவான கை பெரும்பாலும் சின்னக் கையா இருந்துச்சு. அதிலும் பெண் பிள்ளைகளின் கை.

எங்க பக்கம் தீப்பெட்டி ஃபேக்டரி என்று யாரும் சொல்ல மாட்டாங்க. 'தீப்பெட்டி ஆபீஸ்' என்பாங்க. ஆபீஸ் என்றதும் மேஜை, நாற்காலி, ஃபேன் என்று நினைச்சுக்காதீங்க. தரையில் வரிசையா உட்கார்ந்து 'கட்டை அடுக்கணும்'. ஒரு சட்டத்துக்குள் இருக்கிற பள்ளங்களில் ஒவ்வொரு குச்சியா, தலையும் தலையும் ஒட்டாம அடுக்குறது. அடுக்கின கட்டையை மெழுகில் தொட்டு, அப்புறம் மருந்தில் முக்குவாங்க. மருந்து முக்குறது பெரியவங்க வேலை. கட்டை அடுக்குறது, லேபிள் ஒட்டுறது, குச்சி அடைக்கிறது எல்லாம் பிள்ளைகளுக்கு. கூலி மாசச் சம்பளமா கிடையாது. கட்டைக்கு இத்தனை பைசா. அதனால விரல் வேகமா ஓடணும். பெரியவங்க விரலை விடப் பிள்ளை விரல் வேகமா ஓடும் என்று ஒரு நியாயமும் சொல்லுவாங்க.

விடியறதுக்கு முன்னாடி கிராமத்துக்கு வேன் வரும், பஸ் வரும். பிள்ளைகளைத் தூக்கத்தில் எழுப்பி ஏத்திவிடுவாங்க. ராத்திரி கொண்டுவந்து விடுவாங்க. பொதுவா பெற்றோர் முன்பணம் வாங்கியிருப்பாங்க. அதனால ஒருநாள் போகலைன்னா ஆள் தேடி வரும். எழுத்தாளர் பூமணி, இந்த மண்ணுக்காரர், 1990-களில் 'கருவேலம்பூக்கள்' என்று ஒரு படமே எடுத்தார். தீப்பெட்டி ஆபீசுக்குப் போற பிள்ளைகள்தான் அந்தப் படத்தின் விஷயம்.

காகிதத்தில் எல்லாமே இருந்தது

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு கேள்வி வரணும். சட்டம் என்ன பண்ணிக்கிட்டு இருந்துச்சு?

சட்டம் இருந்துச்சு. வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1938-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் பட்டியலில் தீப்பெட்டி, பட்டாசு ரெண்டும் தடை செய்த வேலைகளா இடம் பிடிச்சன. 1950 ஜனவரி 26-ல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வருது. அதில் 24-ஆவது பிரிவைப் பாருங்க. பதினாலு வயதுக்குக் கீழே உள்ள எந்தக் குழந்தையையும் தொழிற்சாலையிலோ, சுரங்கத்திலோ, வேறு ஆபத்தான வேலையிலோ அமர்த்தக் கூடாது. இது அடிப்படை உரிமை. ஆலோசனை கிடையாது. மீறினா உச்ச நீதிமன்றத்துக்கு நேரா போகலாம்.

அதோட 45-ஆவது பிரிவு. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த பத்து வருஷத்துக்குள் பதினாலு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி கொடுக்க அரசு முயலணும் என்று சொல்லுச்சு. வழிகாட்டு நெறிகளில் காலக்கெடு போட்டது இது ஒண்ணுக்கு மட்டும்தான். கெடு 1960-ல் முடிஞ்சது. ஆனா 45 வெறும் நெறி. அதை வெச்சுக்கிட்டு நீதிமன்றத்தில் உரிமையா கேட்க முடியாது.

இந்த ரெண்டையும் சேர்த்துப் பார்த்தாத்தான் பிரச்சினை புரியும். '24' சொல்லுது, பிள்ளை ஆபீசுக்குப் போகக் கூடாது. அப்போ எங்கே போகும்? பள்ளிக்கூடம் என்று '45' சொல்லுது, ஆனா உத்தரவாதம் தரலை. ஒரு கதவை இழுத்துச் சாத்தியாச்சு, இன்னொரு கதவைத் திறக்கலை. இடையில் நின்ன பிள்ளை சாத்தின கதவையே தள்ளிக்கிட்டு உள்ளே போச்சு.

இதுக்கு நடுவில் நடந்த ஒரு நல்ல விஷயத்தையும் சொல்லணும். 1956-ல் முதலமைச்சர் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தை எட்டயபுரத்தில் தொடங்கிவைத்தார். எட்டயபுரம் கோவில்பட்டிக்குப் பக்கத்தில்தான் இருக்கு. பள்ளிக்கூடத்துக்கு வராத பிள்ளை ஏன் வரலை என்று கேட்டு, பசி என்று பதில் கிடைச்சதும் சோத்தைப் போட்ட திட்டம் அது. 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமா விரிவாக்கினார். இதை மனசில் வெச்சுக்கோங்க. கடைசியில் இதுக்குத் திரும்ப வருவேன்.

1976: ஒரே வருஷம், ரெண்டு சம்பவம்

1976-ல் தீப்பெட்டி ஆலைக்குப் போகும் பிள்ளைகளை ஏற்றிய ஒரு பேருந்து விபத்துக்குள்ளானது. பல குழந்தைகள் இறந்தாங்க. அதுவரைக்கும் தினமும் எல்லார் கண் முன்னாலும் போய் வந்த பேருந்து அப்போதான் செய்தியாச்சு. ஹரிபாஸ்கர் என்ற அதிகாரி தலைமையில் தமிழக அரசு விசாரணை வெச்சது. சாத்தூர், சிவகாசி வட்டாரத்துத் தீப்பெட்டி ஆலைகளில் குழந்தைகள் வேலை செய்யறது முதல் தடவையா அரசு அறிக்கைக்குள் விரிவா வந்துச்சு.

அதே 1976-ல் டெல்லியில் என்ன நடந்துச்சு? நெருக்கடி நிலைக் காலம். ஸ்வரண் சிங் குழுவின் பரிந்துரையை வெச்சு 42-ஆவது திருத்தம் வருது. அதில் 51-ஏ என்று ஒரு புதுப் பிரிவு. குடிமக்களின் அடிப்படைக் கடமைகள், மொத்தம் பத்து. 1977 ஜனவரி 3 முதல் நடைமுறைக்கு வந்தன. தேசியக் கொடியை, கீதத்தை மதிக்கணும். நாட்டின் ஒருமைப்பாட்டைக் காக்கணும். பொதுச் சொத்தைப் பாதுகாக்கணும். அறிவியல் மனப்பான்மை வளர்க்கணும். காடு, ஏரி, ஆறு, வன உயிர் எல்லாம் காக்கணும். கடமையை மீறினா தண்டனை வேணும் என்று அந்தக் குழு பரிந்துரை செஞ்சது. வரி கட்டுறதையும் கடமையாக்கணும் என்றது. ரெண்டும் ஏற்கப்படலை.

உரிமைகள் முடக்கப்பட்டிருந்த நேரத்தில் கடமைகள் எழுதப்பட்டன என்பதை நாம மறக்கக் கூடாது. பேச்சுரிமைக்கு வாய்ப்பூட்டு, பத்திரிகைக்குத் தணிக்கை, விசாரணை இல்லாமல் சிறை. அந்தச் சூழலில் "உரிமை உரிமைன்னு பேசினது போதும், கடமையைப் பேசு" என்று சொல்றது அதிகாரத்துக்கு வசதியான பேச்சு. அதே சமயம் அந்தப் பத்துக் கடமைகளும் மோசமானவை என்று சொல்லவும் முடியாது. ஏரியைக் காக்கணும் என்பதை யார் மறுப்பாங்க? எனக்கு உறுத்துறது வேற. விபத்து நடந்த அதே வருஷத்தில் எழுதின பத்தில், பிள்ளையைப் படிக்க வைக்கிறது பத்தி ஒரு வரி கூட இல்லை.

கடமையும் உரிமையும் மோதினா என்ன ஆகும் என்பதுக்கு ஒரு நல்ல உதாரணம் பக்கத்து மாநிலத்தில் இருக்கு. 1985-ல் கேரளாவில் மூணு பள்ளிப் பிள்ளைகள், யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்தவங்க, தேசிய கீதத்துக்கு மரியாதையா எழுந்து நின்னாங்க. ஆனா நம்பிக்கை காரணமா பாடலை. பள்ளியிலிருந்து நீக்கப்பட்டாங்க. 1986-ல் உச்ச நீதிமன்றம் அவங்களை மறுபடி சேர்க்கச் சொல்லுச்சு. எழுந்து நின்றதே மரியாதைதான், அவங்க மனசாட்சிச் சுதந்திரத்தைப் பறிக்க முடியாது என்றது. கடமையின் பேரைச் சொல்லி ஒரு பிள்ளையைப் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே அனுப்ப முடியாது என்று நான் அதைப் புரிஞ்சுக்கிறேன்.

டெல்லிக்குப் போன வழக்கு

அதே 1986-ல் குழந்தைத் தொழிலாளர் (தடை மற்றும் ஒழுங்குமுறை) சட்டம் வந்தது. தீப்பெட்டி, பட்டாசு ரெண்டும் தடைப் பட்டியலில் இருந்தன. ஆனா ஒரு பெரிய ஓட்டை. குடும்பத்தார் உதவியோடு நடத்தும் பட்டறைக்கு இந்தத் தடை பொருந்தாது. அப்போ வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஆபீசுக்குப் பெட்டி ஒட்டிக் கொடுக்கிற பிள்ளை? அந்தப் பிள்ளை சட்டத்தின் கண்ணில் தொழிலாளியே இல்லை, அம்மாவுக்கு ஒத்தாசை செய்யுது, அவ்வளவுதான்.

அந்த வருஷமே எம்.சி. மேத்தா என்ற வழக்கறிஞர் 24-ஆவது பிரிவைக் கையில் எடுத்துக்கிட்டு உச்ச நீதிமன்றம் போனார். கங்கை மாசு வழக்கெல்லாம் போட்டாரே, அதே மேத்தா. எதிர்த்தரப்பு தமிழ்நாடு அரசு. நீதிமன்றத்தின் முன் வந்த கணக்குப்படி, 1985 டிசம்பர் 31 நிலவரத்தில் சிவகாசி வட்டாரத்தில் இயங்கிய பதிவு பெற்ற தீப்பெட்டி ஆலைகள் 221. தொழிலாளர்கள் 27,338 பேர். அதில் குழந்தைகள் 2,941 பேர். பத்தில் ஒருத்தருக்கு மேல். இது பதிவேட்டில் ஏறின பிள்ளைகள் மட்டும். பதிவு இல்லாத ஆபீஸ், திண்ணையில் பெட்டி ஒட்டின பிள்ளைகள் எல்லாம் இந்தக் கணக்கில் இல்லை.

1990 அக்டோபர் 31-ல் முதல் தீர்ப்பு. தீப்பெட்டி, பட்டாசு உற்பத்தி ஆபத்தான வேலை, அதில் பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாது என்றது நீதிமன்றம். ஆனா உற்பத்தி நடக்கும் இடத்தை விட்டுத் தள்ளி, பேக்கிங் வேலைக்கு வைக்கலாம் என்றும் சொல்லிடுச்சு. கூலி, பெரியவங்க குறைந்தபட்சக் கூலியில் 60 சதவீதம். ஆளுக்கு 50,000 ரூபாய் காப்பீடு. படிச்சுப் பார்த்தா ரெண்டு மனசோட எழுதின தீர்ப்பு மாதிரி இருக்கும். பிள்ளையைக் காப்பாத்தணும், ஆனா அந்த வீட்டு வருமானம்?

அதுக்கப்புறம் சிவகாசிப் பட்டாசு ஆலை ஒன்றில் விபத்து, 39 பேர் சாவு என்று செய்தி வந்தது. நீதிமன்றம் தானாகவே அதைக் கையில் எடுத்தது. வழக்கறிஞர் குழுவை அனுப்பி 1991 நவம்பரில் அறிக்கை வாங்கியது. கடைசியில் 1996 டிசம்பர் 10-ல், குல்தீப் சிங், ஹன்சாரியா, மஜ்முதார் என்ற மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பு சொல்லுச்சு. இந்தத் தடவை நாடு முழுமைக்கும்.

அந்தத் தீர்ப்பில் ஒரு கணக்கு இருக்கு. எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் அதுதான். சட்டத்தை மீறி ஒரு பிள்ளையை வேலைக்கு வைத்த முதலாளி, அந்தப் பிள்ளைக்காக 20,000 ரூபாய் கட்டணும். அந்தக் குடும்பத்தில் ஒரு பெரியவருக்கு அரசு வேலைக்கு வழி செய்யணும். முடியலைன்னா அரசு தன் பங்கா 5,000 ரூபாய் போடணும். அந்த 25,000 ரூபாயிலிருந்து வரும் வட்டி குடும்பத்துக்கு. ஆனா ஒரு நிபந்தனை, பிள்ளை பள்ளிக்கூடம் போகணும். போகலைன்னா வட்டி நின்னுடும்.

இதில் கடமை எப்படிப் பங்கு பிரியுது பாருங்க. முதலாளிக்கு ஒரு பங்கு. அரசுக்கு ஒரு பங்கு. அப்பா அம்மாவுக்கு ஒரு பங்கு. அதுவும் கடைசிப் பங்கு, முதல் ரெண்டு பேரும் கொடுத்த பிறகு. தொகை போதுமா, ஒழுங்கா வசூலாச்சா என்பதெல்லாம் வேற விவாதம். வரிசை சரி.

ஆச்சியும் அம்மாவும்

இப்போ கொஞ்சம் வீட்டுக்கதை. எங்க அம்மா அஞ்சாம் வகுப்போட நின்னவங்க. 1980 வாக்கில் கோவில்பட்டிப் பக்கத்து ஒரு தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கினவங்க. அனுப்பினது எங்க ஆச்சி. ரெண்டு பேரும் இப்பவும் ஒரே வீட்டில்தான் இருக்காங்க. இந்த எபிசோடுக்காகப் பதினொன்றாவது கடமையை ரெண்டு பேருக்கும் வாசிச்சுக் காட்டினேன்.

ஆச்சி கேட்டுட்டு, "ஏ தாயி, அந்தச் சட்டத்துல வருசத்துக்கு எத்தனை மழைன்னு எழுதியிருக்கா?" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, "நாலு பிள்ளைகள்ல மூணு ஆபீசுக்குப் போனாத்தான் நாலாவது பிள்ளை பள்ளிக்கூடம் போகும். எழுதினவுகளுக்கு இந்தக் கணக்கு தெரியுமா?" என்றார். நாலாவது பிள்ளை எங்க மாமா. அவர் பன்னிரண்டாவது வரை படித்தார். அம்மா கையில் கட்டை அடுக்கின காசு அதில் இருக்கு.

அம்மா ஒத்துக்கல. "அப்படி ஒரு வரி அன்னைக்கு இருந்திருந்தா, வாத்தியார் வீட்டுக்கு வந்து கேட்டிருப்பாருல்லம்மா. அவருக்குப் பயந்தாவது ரெண்டு வருசம் கூட விட்டிருப்பீக" என்றார். ஆச்சி பதில் சொல்லலை. நானும் மேலே எதுவும் கேட்கலை.

இந்த ரெண்டு பேரில் யார் பேசினது சரி? யோசிச்சுப் பார்த்தா, ஆச்சி பேசினது கடமையைப் பத்தி. அம்மா பேசினது உரிமையைப் பத்தி. கடமையை நிறைவேத்தணும்னா கையில் ஏதாவது இருக்கணும் என்கிறார் ஆச்சி. உரிமை என்று ஒண்ணு எழுதி இருந்தா, பத்து வயசுப் பிள்ளைக்காக வெளியிலிருந்து ஒருத்தர் வந்து கேட்க முடியும் என்கிறார் அம்மா. ஆச்சியைக் குற்றவாளிக் கூண்டில் ஏத்துற சட்டமும் வேண்டாம். அம்மாவைப் பார்க்காத சட்டமும் வேண்டாம். அப்படி ஒரு சட்டம் எழுத முடியுமா?

2002, 2010

1993-ல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம், பதினாலு வயது வரை கல்வி என்பது வாழ்வுரிமைக்குள் அடங்கின உரிமை என்று சொல்லுச்சு. 45-ஆவது பிரிவின் பத்து வருஷக் கெடு நாலு மடங்கு தாண்டியாச்சு என்பதும் அப்போ பேசப்பட்டது. 2002-ல் 86-ஆவது திருத்தம். இது மூணு வேலை பண்ணுச்சு. 21-ஏ என்று புது அடிப்படை உரிமை, ஆறு முதல் பதினாலு வரை இலவசக் கட்டாயக் கல்வி. 45-ஐ மாத்தி, ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளின் பராமரிப்புக்கும் கல்விக்கும் ஒதுக்குச்சு. மூணாவதா 51-ஏ பட்டியலில் பதினொன்றாவது கடமை. இதுக்குக் கரிசல் காட்டுப் பிள்ளைகள் மட்டும்தான் காரணம் என்று சொல்ல வரலை. நாடு முழுக்கப் பல வழக்கு, பல போராட்டம் இருக்கு. ஆனா அந்த நீண்ட கணக்கில் இந்த மண்ணுக்கு ஒரு பங்கு உண்டு.

இங்கே தேர்வுக்குப் படிக்கிறவங்களுக்கு ஒரு தகவல். திருத்தம் நிறைவேறினது 2002. நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1, கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த அதே நாள். நடுவில் ஏழு வருஷத்துக்கு மேல எல்லாம் காகிதத்தில் இருந்தது.

சரி, ஆச்சி கேள்விக்கு என்ன பதில்? கல்வி உரிமைச் சட்டத்தின் 8-ஆவது பிரிவைப் பாருங்க. 'கட்டாயக் கல்வி' என்றால் என்ன? நாம என்ன நினைப்போம், பெற்றோர் கட்டாயம் அனுப்பணும், இல்லைன்னா அபராதம். சட்டம் அப்படிச் சொல்லலை. கட்டாயம் அரசுக்கு. பள்ளி வைக்கிறது, பிள்ளையைச் சேர்க்கிறது, வர வைக்கிறது, எட்டாம் வகுப்பு வரை முடிக்க வைக்கிறது எல்லாம் அரசின் பொறுப்பு. 10-ஆவது பிரிவில் பெற்றோர் கடமை தனியா இருக்கு. அதை மீறினா அந்தச் சட்டத்தில் தண்டனை இல்லை. உரிமை பிள்ளைக்கு, கட்டாயம் அரசுக்கு, கடமை பெற்றோருக்கு. ஆச்சியையும் அம்மாவையும் ஒரே பக்கத்தில் வைக்கப் பார்த்த சட்டம் என்று நான் இதைச் சொல்லுவேன்.

இதனாலதான், "முதலில் கடமை, அப்புறம் உரிமை" என்று மேடையில் யாராவது பேசும்போது நான் ஒரு நிமிஷம் நின்னு கேட்பேன். யாருடைய கடமை? யார்கிட்ட இருந்து யாருக்கு? 1976-க்கும் 1996-க்கும் நடுவில் கரிசல் காட்டில் கடமை தவறினவங்க பட்டியல் போட்டா, ஆச்சி பேர் கடைசியில்தான் வரும்.

இப்போ என்ன நிலைமை

இன்னைக்குக் கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீசுக்குப் போனா, பிள்ளைகளை அன்னைக்கு மாதிரி வரிசையா பார்க்க முடியாது. வேலை செய்யறவங்க பெரும்பாலும் நடுத்தர வயதுப் பெண்கள். கட்டை அடுக்குறதைப் பல இடத்தில் இயந்திரம் எடுத்துக்கிடுச்சு. 14 வருஷமா ஒரு ரூபாய்க்கு வித்த தீப்பெட்டி 2021 டிசம்பர் 1-ல் ரெண்டு ரூபாய் ஆச்சு. லைட்டர் போட்டி வேற. 2023-ல் 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர் இறக்குமதிக்கு மத்திய அரசு தடை போட்டது.

பிள்ளைகள் வெளியே வந்தது சட்டத்தால் மட்டுமா? சட்டம், சோதனை, தீர்ப்பு எல்லாத்துக்கும் பங்கு இருக்கு. அதோட கையால் செய்த வேலை இயந்திரத்துக்குப் போனது. பக்கத்திலேயே பள்ளிக்கூடம் வந்தது. பஸ் பாஸ், சைக்கிள், புத்தகம், சத்துணவு. முன்னாடி எட்டயபுரத்தை மனசில் வெச்சுக்கச் சொன்னேனே, அதுக்குத்தான். கடமையைச் செய்யச் சொல்றதுக்கு முன்னாடி, அதைச் செய்யுறதுக்கான சோத்தை அது போட்டது.

ஆனா கதை முடியலை. 24-ஆவது பிரிவும் 21-ஏ பிரிவும் பதினாலு வயதில் நின்னுடுது. பதினைஞ்சு வயதில்? ரெண்டாயிரங்களில் தூத்துக்குடி, திருநெல்வேலி, விருதுநகர் கிராமங்களிலிருந்து நிறையப் பெண் பிள்ளைகள் கொங்கு நாட்டு நூற்பாலைகளுக்குப் போனாங்க. 'சுமங்கலித் திட்டம்' என்று பேர். மூணு வருஷம் விடுதியில் தங்கி வேலை, முடிவில் கல்யாணத்துக்கு ஒரு மொத்தத் தொகை. கேட்க அழகா இருக்கும். மூணு வருஷம் முடியறதுக்கு முன்னாடி உடம்பு முடியாம வந்த பிள்ளைகள் பலர் அந்தத் தொகையைப் பார்க்கவே இல்லை. 2016-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தினாங்க. பதினாலுக்குக் கீழே எல்லா வேலைக்கும் தடை, பதினாலு முதல் பதினெட்டு வரை ஆபத்தான வேலைக்குத் தடை. ஆனா பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்ற விதிவிலக்கு இன்னும் இருக்கு. திண்ணையில் பெட்டி ஒட்டின பிள்ளை ஞாபகம் இருக்கா? அந்தத் திண்ணை இன்னும் அங்கேயேதான் இருக்கு.

கேட்கிற உங்களில் பெரும்பாலானவங்க சென்னையிலயோ பெங்களூர்லயோ இருப்பீங்க. உங்க தெருக்கடையில், தறிப் பட்டறையில், வீட்டு வேலையில் பதினாலு வயதுக்குக் கீழே ஒரு பிள்ளையைப் பார்த்தா 1098-க்கு ஃபோன் பண்ணலாம். குழந்தைகள் உதவி எண், கட்டணம் கிடையாது. அரசியலமைப்பு அதைத் தனிக் கடமையா எழுதி வைக்கலை. ஆனா எங்க அம்மா எதிர்பார்த்த அந்த வாத்தியார் வேலையை யாராவது ஒருத்தர் செய்யணும் இல்லையா?

அப்புறம், உங்க வீட்டுப் பெரியவங்ககிட்டயும் ஒரு தடவை கேட்டுப் பாருங்க. எத்தனாவதோட நின்னீங்க, ஏன் நின்னீங்க, உங்க காசில் யார் படிச்சாங்க? கிடைக்கிற பதிலைப் பதிவு பண்ணி எங்களுக்கு அனுப்புங்க. பேர் சொல்ல வேண்டாம், ஊர் சொன்னால் போதும். அடுத்த எபிசோடில் அதிலிருந்து சிலவற்றைப் பேசலாம்.